குளிர்ச்சரிவில் களையெடுப்பு

எங்கள் ஊர் வெப்பக் கூட்டுறவுச் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனதற்குக் காரணம், தேர்தல் நடந்த கூட்டத்துக்கு நான் போகாததுதான். எங்கள் ஊரான ஷ்லேபாக்கில் பதவிகள் இப்படித்தான் நிரம்புகின்றன. வராதவன் பெயரை ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், மறுக்க வேண்டியவன் வீட்டில் படுத்திருப்பதால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும். அன்று எனக்குக் காய்ச்சல். மறுநாள் ரொட்டிக் கடையில் வாழ்த்துச் சொன்னார்கள்.

ஆகவே இனி வருவது நான் கூட்டக் குறிப்பில் எழுதியது அல்ல, எழுதாமல் விட்டது.

எங்கள் ஊருக்கு ஒரு பசு உண்டு. பச்சை ரப்பர்க் கூரை போட்ட, வட்டமான கான்கிரீட் தொட்டி அது. தீனி போட்டால் உள்ளே புளித்துக் கிடந்து வாயு விடும். அந்த வாயுவில் ஓர் இயந்திரம் ஓடும். இயந்திரத்தின் சூடு, தண்ணீராகக் குழாய் வழியே அறுபத்து மூன்று வீடுகளுக்குப் போகும். வாசல் பலகையில் 'எரிவாயு ஆலை' என்று எழுதியிருக்கிறது. அப்படி யாரும் சொன்னதில்லை. "பசு சாப்பிட்டுதா?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு ஏப்பம் வந்தால் ஊருக்கே தெரியும்.

பசுவைப் பார்த்துக்கொள்பவர் சங்கத் தலைவர் ஒட்மார். பெற்ற பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டால் விரல் விட்டு எண்ணுவார். பசுவின் வயிற்றுச் சூட்டைப் புள்ளிக்குப் பிந்தைய எண்ணோடு சொல்வார். அவர் கொள்கைப்படி பசு சாப்பிடுவது ஒன்றே ஒன்று: மக்காச்சோளம். தண்டோடும் இலையோடும் நறுக்கி, குவித்து, மூடி, புளிக்க வைத்த மக்காச்சோளம். அதனால் ஊரைச் சுற்றி நான்கு பக்கமும் மக்காச்சோளம். ஆகஸ்டில் எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு மாதாகோயில் கோபுரம் மட்டும்தான் தெரியும்.

ஊருக்கு மேலே குளிர்ச்சரிவு என்று ஒரு நிலம். வெயில் பிந்தி விழும், பனி முந்தி விழும். சங்கம் குத்தகைக்கு எடுத்தது. பயிர் செய்வது கெர்லிண்டே என்ற பெண் விவசாயி. நாலு வருடம் முன்பு, மே மாதத்தில், மக்காச்சோளம் விரல் நீளம் இருந்தபோது ஒரு மழை பெய்தது. சரிவின் மேல்மண் அப்படியே நடந்து கீழே வந்து, அடிவாரத்தில் இருந்த இர்ம்கார்ட் அத்தையின் நிலவறைக்குள் குடியேறியது. எண்பது ஜாடி செர்ரிப் பழம் சேற்றுக்குள். அத்தை மழையைத் திட்டினார். கெர்லிண்டே மக்காச்சோளத்தைப் பார்த்தார்.

அடுத்த வசந்தத்தில் அங்கே காட்டுச்செடி விதைகளைக் கலந்து தூவினார். ஒரு தடவை விதைத்தால் ஐந்து வருடம் தானே முளைக்கும், தானே வளரும். உழ வேண்டாம், மருந்தடிக்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை, ஆகஸ்டில், அறுத்துப் பசுவுக்குப் போடலாம்.

"போடலாம். பசு திங்கணுமே" என்றார் ஒட்மார். "அந்தத் தண்டெல்லாம் நார். உள்ள இருக்கற கலக்கியில சுத்திக்கும். கலக்கி நின்னா அறுபத்து மூணு வீடு விறைக்கும். அப்ப நீங்க எல்லாரும் கெர்லிண்டே வீட்ல போய்ப் படுத்துக்குவீங்களா?"

கடைசியில் ஒரு நிபந்தனை எழுதினோம். மூன்றாவது வருடம் குளிர்ச்சரிவு பத்து டிரெய்லர் தீனி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அக்டோபர் கூட்டத்தில் ஓட்டு. தோற்றால் நிலத்தை உழுது பழையபடி மக்காச்சோளம். கெர்லிண்டே கையெழுத்துப் போட்டார். அந்தச் செடிகளின் வேர் இறங்கவே இரண்டு வருடம் ஆகும் என்று அவர் சொன்னதையும் குறிப்பில் எழுதினேன். யாரும் குறிப்பைப் படிப்பதில்லை.

முதல் வருடம் சூரியகாந்தியும் ஊதாப் பூக்களும். சைக்கிளில் போகிறவர்கள் இறங்கிப் படம் எடுத்தார்கள். இர்ம்கார்ட் அத்தை, தோட்டச் சங்கத் தலைவி, கெர்லிண்டேயை நடுத்தெருவில் கட்டிப்பிடித்தார். இரண்டாம் வருடம் தேன் மணக்கும் வெள்ளைப் பூ; அத்தை கட்டிப்பிடிக்கவில்லை, தலையசைத்தார். மூன்றாம் வருடம் ஜூனில் அங்கே நின்றது இடுப்புயர மாசிப்பத்திரியும், இன்னும் பூக்காத மஞ்சள் பொத்தான் செடியும். கைவிட்ட ரயில் நிலையத்தின் பின்பக்கம் போல இருந்தது. அத்தை அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திக்கொண்டார்.

அந்த வருடம்தான் 'நம் ஊர் அழகாகட்டும்' போட்டி வந்தது. விண்ணப்பத்தை நான் எழுதினேன், ஏனென்றால் அந்தக் கூட்டத்துக்கும் நான் போகவில்லை. எழுத ஒன்றும் கிடைக்காததால் குளிர்ச்சரிவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி, முதல் வருடப் படத்தை ஒட்டி அனுப்பினேன். பிறகு மறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை நடுவர்கள் வருகிறார்கள் என்று பதில் வந்தது.

ஷ்லேபாக்கில் பெரிய காரியத்துக்கு முன்னால் சனிக்கிழமை ஊர் வேலை நடக்கும். வீட்டுக்கு ஒருவர், சொந்த மண்வெட்டியோடு. பேருந்து நிறுத்தத்தில் பூந்தொட்டி வைத்தார்கள். அங்கே பேருந்து நாளைக்கு இரண்டு முறை வரும். நீரூற்றுத் தொட்டியைப் பல்துலக்கியால் தேய்த்தார்கள். நான் பத்து மணிக்கு எழுந்து போனபோது ஊர் முழுக்கக் குளிர்ச்சரிவில் இருந்தது. கெர்லிண்டே இல்லை, ஃபுல்டா நகரில் அவர் அக்கா மகன் கல்யாணம்.

வேட்டைக்காரர் முதலில் வயலை நடந்து பார்த்து, மூன்று மான்குட்டிகளை, மனித வாடை ஒட்டாமல், கையுறையும் புல்லுமாகத் தூக்கி ஓரத்தில் விட்டிருந்தார். பறவைக் கூடு இருந்த இடத்தில் நாலு குச்சி நட்டு விட்டுவிட்டார்கள். ஒலிக் கட்டுப்பாடு, மதிய அமைதி, எல்லா விதியும் கடைப்பிடிக்கப்பட்டது. வயல் யாருடையது என்ற ஒன்றைத் தவிர. மூன்று டிராக்டர்கள் அறுத்துக்கொண்டிருந்தன.

"அத்தை, இது பயிர்" என்றேன்.

"பயிர்னா வரிசையா நிக்கும்டா கிலியான்" என்றார் இர்ம்கார்ட் அத்தை. கையில் வாரி, தலையில் துணி, முகத்தில் தர்மம். "பாவம் அந்தப் பொண்ணு. தனியாளா எத்தனையைத்தான் பாக்கும்? களை எடுக்க நேரமில்ல, வெட்கத்துல சொல்லவும் மாட்டேங்குது. நாம செய்யாம யாரு செய்வா?"

"இல்ல அத்தை, இதையே அறுத்துத்தான் பசுவுக்கு..."

"சாஸேஜ் ஆறிடும், போய்த் தின்னு."

நான் போய்த் தின்றேன். உண்மையைச் சொல்வதாக இருந்தால் ஒரு வாரியும் பிடித்தேன். ஊரே வேலை செய்யும் இடத்தில் நியாயம் பேச, வெறுங்கையோடு நிற்கும் துணிச்சல் வேண்டும்.

அறுத்ததை ஆறு டிரெய்லரில் ஏற்றி, கல்லுப்பள்ளத்தில் தோட்டச் சங்கத்தின் உரக்குழி அருகே குவித்தார்கள். ஓரங்களைக் கத்தரியால் சீர்செய்தார்கள். கெர்லிண்டே வீட்டு வாசலில் புளிப்பு ரூபார்ப் தண்டு போட்ட கேக் வைத்து, சீட்டும் வைத்தார்கள்: 'உனக்கு நேரமில்லை என்று தெரியும். நாங்களே முடித்துவிட்டோம். சிரமமே இல்லை.'

ஞாயிறு மாலை கெர்லிண்டே கல்யாண உடையிலேயே சரிவின் நடுவே நின்றுகொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மான்குட்டிகள் நலம் என்றேன்.

"எத்தனை டிரெய்லர்?" என்றார்.

"ஆறு, அக்கா."

"ஆகஸ்ட் வரைக்கும் விட்டிருந்தா பன்னெண்டு." குனிந்து ஓர் அடிக்கட்டையைத் தடவினார். "நீயும் இருந்தியா?"

"ஓரமா."

"ஓரத்தைத்தான் ரொம்ப நல்லா வெட்டியிருக்கீங்க." கீழே இறங்கும்போது சொன்னார்: "கேக் நல்லா இருந்துச்சுன்னு இர்ம்கார்ட்கிட்ட சொல்லு. நான் இந்த வாரம் அவகிட்ட பேசினா நல்லா இருக்காது."

செவ்வாய்க்கிழமை ஒரே நிற மழைச்சட்டை போட்ட ஆறு நடுவர்கள் வந்தார்கள். நீரூற்றைப் பார்த்தார்கள், பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தார்கள். தலைவி திருமதி ஃபாத், தாவரங்கள் படித்தவர், கோப்பைத் திறந்து சூரியகாந்திப் படத்தை வெளியே எடுத்தார்.

"சரி, இப்ப அந்தக் காட்டுச்செடி வயலுக்குப் போவோமா? உண்மையைச் சொன்னா எங்களை இங்க வரவழைச்சதே அதுதான். பேருந்து நிறுத்தம் எல்லா ஊர்லயும் இருக்கு."

இர்ம்கார்ட் அத்தையின் முகத்தில் இருந்த சிரிப்பு அங்கேயே நின்றது. அந்தச் சிரிப்புக்குள் இருந்த அத்தைதான் காணாமல் போய்விட்டார்.

மேலே போனோம். இரண்டு ஹெக்டேர் வெறும் அடிக்கட்டை, சவரம் செய்த முகம் போல. கெர்லிண்டே பூட்ஸோடு வேலிப் பக்கமிருந்து வந்தார்.

"வயல் எங்கங்க?" என்றார் திருமதி ஃபாத்.

"இங்கதான் இருக்கு. மேல இருந்ததை மட்டும் எடுத்தாச்சு." கெர்லிண்டே முழங்காலிட்டுச் சட்டைப்பைக் கத்தியால் ஒரு கட்டையைச் சுற்றித் தோண்டினார். முழங்கை வரை கை உள்ளே போயும் வேர் முடியவில்லை. "பாதிக்கு மேல கீழதான் இருக்கு. இன்னும் ரெண்டு மாசத்துல எழுந்திரிக்கும். கொஞ்சம் குட்டையா."

"ஆனா ஜூன்ல யாராவது அறுப்பாங்களா? ஏன் அறுத்தீங்க?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் ஒரு மேகத்தைப் பார்த்தேன்.

கெர்லிண்டே கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "ஊர்ல எல்லாருமா சேர்ந்து கை கொடுத்தாங்க" என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்களுக்கு வெண்கலம் கிடைத்தது, 'சமூக ஒற்றுமைக்காக'.

வியாழக்கிழமை நற்கருணைத் திருவிழா. ஊர் முழுக்க ஊர்வலத்தில் போகும். பாதிரியாருக்கு மேலே நாலு பேர் விதானம் பிடிப்பார்கள். முன்பக்க இடது கம்பு இருபத்திரண்டு வருடமாக ஒட்மாருடையது. அந்த வருடம் இடுப்பு வலி என்று வரவில்லை. கோயில் மணியடிப்பவர் பிடித்தார், அவர் குள்ளம். விதானம் ஒரு பக்கம் சாய, பாதிரியார் ஊர்வலம் முடியும்வரை தலையை வலதுபக்கம் சாய்த்தே நடந்தார்.

வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் அத்தையின் கையெழுத்தில் ஒரு தாள்: 'கல்லுப்பள்ளத்தில் தோட்டச் சங்கம் குவித்து வைத்திருந்த ஆறு டிரெய்லர் தழை காணவில்லை. எடுத்தவர் திருப்பிப் போட்டுவிடவும். பெயர் கேட்கப்படாது.' களையைத் திருட யாருக்கு மனம் வரும் என்று மதுக்கடையில் ஒரு வாரம் பேசினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள்தான் என்று முடிவானது. எதுவானாலும் அவர்கள்தான்.

ஜூலையில் மறுபடி மழை. நாற்பது நிமிடம், ஆலங்கட்டியோடு. ஒட்மாரின் மக்காச்சோளக் குன்றிலிருந்து மண் இறங்கிக் கோயில் வாசலில் முழங்கால் உயரம் நின்றது. தீயணைப்புப் படையோடு நானும் அள்ளினேன். அள்ளி முடித்து அடிவாரத்துக்கு ஓடினேன், அத்தை வீட்டு நிலவறையில் இன்னும் மோசமாக இருக்கும் என்று.

அத்தை நிலவறைப் படியில் வாளியோடு உட்கார்ந்திருந்தார். குளிர்ச்சரிவிலிருந்து தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. பாதையைத் தாண்டி, வாசலைச் சுற்றி, ஓடைக்குப் போனது. அதன் அடியில் பாதையின் கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"தெளிவா இருக்குடா" என்றார்.

"ஆமா அத்தை."

"நாம மொட்டை அடிச்சு ஒரு மாசம்தான் ஆச்சு. மேல ஒண்ணுமே இல்ல. அப்பறம் மண்ணை யாரு பிடிச்சுக்கிட்டா?"

கெர்லிண்டேயின் கை மண்ணுக்குள் முழங்கை வரை போனதை அவரும் பார்த்திருந்தார். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் வற்றும்வரை அங்கேயே இருந்தார்.

ஆகஸ்ட் முடிவில் செடிகள் மறுபடி முழங்காலுக்கு மேல் வந்து, மஞ்சள் பொத்தான்கள் திறந்தன. கெர்லிண்டே அறுத்தார். மூன்று டிரெய்லர்.

அக்டோபர் கூட்டம் மதுக்கடையின் பின்னறையில். ஐம்பத்தாறு பேர். நானும் தவறாமல் போனேன், போகாவிட்டால் தலைவராக்கிவிடுவார்கள்.

ஒட்மார் நிபந்தனையை வாசித்தார். "பத்து கேட்டோம். வந்தது மூணு. எனக்கு இதுல சந்தோஷம் ஒண்ணும் இல்ல, கெர்லிண்டே. ஆனா எழுதினது எழுதினதுதான். யாராவது ஏதாவது சொல்லணுமா?"

கெர்லிண்டே தலையசைத்தார், இல்லை என்று. சொல்ல வேண்டியதை மூன்று வருடம் முன்பே சொல்லிவிட்டார், குறிப்பில் இருக்கிறது.

ஒரு நாற்காலி நகர்ந்தது. இர்ம்கார்ட் அத்தை எழுந்து நின்றார்.

"மூணு இல்ல. ஒன்பது" என்றார். "ஜூன்ல ஆறு. அதை அறுத்தது நான்."

"அது களைன்னு நீங்கதான அத்தை சொன்னீங்க?" என்றார் யாரோ.

"சொன்னேன். ஊர்ச் செய்தித்தாள்லயும் எழுதினேன். ரெண்டு தடவை." மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவினார். "அது பயிர். எனக்குத் தெரியல. நடுவருங்க முன்னாடி என்னை ஒரு வார்த்தையில மண்ணைக் கவ்வ வெச்சிருக்கலாம் இவ. வெக்கல. நான் அதுக்காகப் பேசல. என் நிலவறைக்குப் போய்ப் பாருங்க. செர்ரி ஜாடியில லேபிள் இன்னும் வெள்ளையா இருக்கு."

"சரி, அந்த ஆறு இப்ப எங்க?" என்றார் வேட்டைக்காரர். "திருட்டுப் போனதைக் கணக்குல சேக்க முடியுமா? பசு தின்னாத்தான் தீனி."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் தன் பியர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே யாரோ கூப்பிட்டது போல.

"பசு தின்னுச்சு" என்றார் ஒட்மார்.

"என்னது?" என்றார் வேட்டைக்காரர்.

"திருவிழா அன்னிக்கு எனக்கு இடுப்பு வலின்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"வலிக்கல."

கடைசி வரிசையில் பாதிரியார் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"போன வருஷ வறட்சியில சோளம் கம்மி" என்றார் ஒட்மார். "குவியல்ல இன்னும் பத்து நாள் தீனிதான் இருந்துச்சு. உங்ககிட்ட ஆகஸ்ட் வரைக்கும் இருக்குன்னு சொல்லியிருந்தேன். ஞாயித்துக்கிழமை உரக்குழிப் பக்கம் போனேன். ஆறு டிரெய்லர், சும்மா காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மனசு கேக்கல. திருவிழா அன்னிக்கு எல்லாரும் ஊர்வலத்துல இருந்தீங்க. நறுக்கிப் போட்டுட்டேன். சோளத்தோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து."

முதல் முறையாகக் கெர்லிண்டே பேசினார். "கலக்கியில சுத்திக்கிச்சா, ஒட்மார்?"

"இல்ல."

"வயித்து வலி?"

"இல்ல. சூடு..." ஒட்மார் நிறுத்தினார். அந்த எண்ணைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. "முப்பத்தொன்பது புள்ளி நாலு. அப்படியே இருந்துச்சு. ஏப்பம்கூட இல்ல."

"வீட்ல யாருக்காவது தண்ணி சுடாம இருந்துச்சா?" என்று கெர்லிண்டே மற்றவர்களைக் கேட்டார்.

"எனக்கு நாக்கு வெந்துச்சு" என்றார் மணியடிப்பவர். "குழாய்த் தண்ணியிலயே டீ போட்டேன்."

"அப்பறம் ஏன்யா நாலு மாசமா வாயைத் திறக்கல?" என்று அத்தை ஒட்மாரைக் கேட்டார். "நான் பலகையில ஒட்டியிருந்தேன். பெயர் கேக்க மாட்டோம்னுகூட எழுதியிருந்தேன்!"

ஒட்மார் கோப்பையை மெல்லச் சுற்றினார். "மூணு வருஷமா எல்லார்கிட்டயும் சுத்திக்கும் சுத்திக்கும்னு சொன்னவன் நான். சுத்திக்கலன்னு எந்த வாயால சொல்றது? சுத்திக்கும்னுதான் ஒவ்வொரு நாளும் காலைல போய்ப் பாத்தேன்." பிறகு, தலைவர் குரல் திரும்பி வந்தது. "ஆனா ஆறும் மூணும் ஒன்பதுதான். நிபந்தனை பத்து. ஓட்டுக்குத்தான் விடணும்."

ஓட்டுக்கு விட்டார். குளிர்ச்சரிவை உழக்கூடாது, இன்னும் இரண்டு வருடம் விட வேண்டும் என்போர் கை தூக்கவும். நான் எண்ணினேன். நாற்பத்தொன்று. எதிர்ப்பு பன்னிரண்டு. இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒட்மார் இரண்டிலும் கை தூக்கவில்லை; தீர்மானம் நிறைவேறியது என்று அறிவித்துவிட்டு, நான் பேனாவை மூடிய பிறகு, காது சொறிவது போல வலது கையைத் தோளுக்கு மேலே கொஞ்சம் கொண்டுபோனார். எண்ணிக்கையைத் திருத்தி நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.

வெளியே வரும்போது ஒட்மார் என் கையைப் பிடித்தார். "திருட்டுன்னு எழுதாதே."

"வேற என்ன எழுத, மாமா?"

யோசித்தார். "தீனி முன்கூட்டியே பெறப்பட்டதுன்னு எழுது."

அப்படியே எழுதினேன். யாரும் படிக்கவில்லை. மறுநாள் அறிவிப்புப் பலகையில் அத்தையின் பழைய தாள் அங்கேயே இருந்தது. அதன் அடியில் புதிய பேனாவில் ஒரு சொல்: 'கிடைத்துவிட்டது.'

நவம்பரில் ஒரு நாள் குளிர்ச்சரிவுப் பாதையில் போனேன். முதல் பனி. மேலே நிற்பது எதுவும் இல்லை. தரையோடு ஒட்டி, ஒவ்வொரு கட்டையைச் சுற்றியும் புதிய இலைகள் மட்டும் பச்சையாக விரிந்து கிடந்தன, குளிருக்குத் தயாராகி. வேலி ஓரத்தில் இர்ம்கார்ட் அத்தை குனிந்து நின்றார். அவர் கை மாசிப்பத்திரி ஒன்றின் கழுத்துவரை போயிருந்தது. அறுபது வருடப் பழக்கம். என்னைப் பார்த்ததால் அல்ல, பார்க்கும் முன்பே, கையைத் திரும்ப எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு பாதைக் கல்லிடுக்கில் முளைத்திருந்த மஞ்சள் பொத்தான் செடி கண்ணில் பட்டது. ஒரே இழுப்பில் வேரோடு பிடுங்கினார். அது சின்ன வேர்.

"என்னடா பாக்கற?" என்றார். "வேலிக்கு அந்தப் பக்கம் பயிர். இந்தப் பக்கம் நான்."

பிடுங்கியதைத் தூக்கி எறியப் போனவர், ஒரு கணம் நின்றார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் சாய்ந்து, விரலால் குழி தோண்டி, அங்கே நட்டுவிட்டுப் போனார்.